மெய் என்ற சொல்லுக்கு உடம்பு என்றும் பொருள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவரும் மேலை மெய்யியல் அறிமுகத் தொடரை ஒரு வாரமும் விடாமல் படித்து வருகிறேன். முப்பத்தோர் ஆண்டுகள் கல்லூரியில் மெய்யியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். தெகார்த்துக்கும் ஹியூமுக்கும் காண்ட்டுக்கும் ஒரு தமிழ் நாளிதழ் இவ்வளவு இடம் ஒதுக்குவதைக் காண்பதில் எனக்குள்ள மகிழ்ச்சியை முதலில் தெரிவித்துவிடுகிறேன். எங்கள் துறையில் சேர்வதற்கு ஆண்டுக்கு எட்டுப் பேரைத் தேடிப் பிடிக்கப் பட்ட பாட்டை நினைத்தால், இத்தொடரைப் படித்துவிட்டு எங்கோ ஓர் ஊரில் ஒரு பிள்ளை இந்தப் படிப்பை விரும்பக்கூடும் என்ற எண்ணமே எனக்குப் போதும்.

ஆயினும் காண்ட் பற்றிய கட்டுரை ஒரு கருத்துடன் முடிந்திருந்தது. மெய்யியலில் பேசுபவர் யார் என்பது பொருட்டே அன்று, சொல்லப்படும் வாதம் மட்டுமே எடைபோடப்படும், சாதியும் நிறமும் ஆண் பெண் என்ற வேறுபாடும் நுழைய முடியாத ஒரே அறிவுத்துறை இதுதான் என்பது அக்கருத்து. நானும் பல ஆண்டுகள் முதலாண்டு மாணவர்களிடம் ஏறக்குறைய இதையே சொல்லியிருக்கிறேன். இலட்சியமாகச் சொன்னால் இது நல்ல வாக்கியம். துறையின் வரலாறாகச் சொன்னால் உண்மைக்கு மாறானது. அதுவும் காண்ட்டைப் பற்றிய கட்டுரையின் முடிவில் வந்ததால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

அழகுணர்ச்சியையும் மேன்மையுணர்ச்சியையும் பற்றிக் காண்ட் 1764இல் ஒரு சிறு நூல் எழுதினார். அதில், லபா என்ற பாதிரியார் கூறிய ஒரு செய்தியை எடுத்துக்காட்டுகிறார். கருப்பினத் தச்சர் ஒருவர் தம் மனைவியரை இறுமாப்புடன் நடத்துவதைப் பாதிரியார் கண்டித்தாராம். அதற்கு அந்தத் தச்சர், வெள்ளையர்களாகிய நீங்கள்தான் மூடர்கள், முதலில் மனைவியருக்கு விட்டுக்கொடுக்கிறீர்கள், பிறகு அவர்கள் பாடாய்ப் படுத்துகிறார்கள் என்று புலம்புகிறீர்கள் என்று பதில் சொன்னாராம். இதில் சிந்திக்கத்தக்கது ஏதேனும் இருக்கலாம் என்று காண்ட் தொடங்குகிறார். அந்த ஆள் தலை முதல் கால் வரை கருப்பாக இருந்தான், அவன் சொன்னது மூடத்தனம் என்பதற்கு அதுவே தெளிவான சான்று என்று முடிக்கிறார்.

இந்த இடத்தைச் சற்று நிதானித்துப் பார்க்கும்படி வேண்டுகிறேன். தச்சர் சொன்னது நல்ல கருத்தன்று. அதை மறுப்பதற்கு ஆயிரம் நியாயங்கள் உண்டு. காண்ட் அவற்றில் ஒன்றைக்கூட நாடவில்லை. கருத்தில் ஏதோ இருக்கலாம் என்று ஒப்புக்கொண்ட பிறகு, சொன்னவரின் தோலைக் காட்டி அதைத் தள்ளுகிறார். பேச்சு முழுவதும் பெண்களைப் பற்றியது. பெண்களுக்கோ அங்கே வாய் இல்லை. கருப்பர் வாய் திறந்தார். அவர் நிறமே அவருக்கு எதிரான சாட்சியாயிற்று. மிஞ்சியிருப்பவர் தீர்ப்பளிப்பவர் ஒருவர்தான். அவருடைய நிறத்தையோ பாலினத்தையோ பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. அதே நூலில், கிரேக்கம் கற்ற தாசியே அம்மையாரையும் இயக்கவியல் பற்றி வாதிட்ட து ஷாத்தலே அம்மையாரையும் குறிப்பிட்டு, இத்தகைய பெண்கள் தாடியும் வைத்துக்கொள்ளலாமே என்ற பொருளில் எழுதுகிறார். நியூட்டனின் பெருநூலைப் பிரெஞ்சில் பெயர்த்தவர் து ஷாத்தலே. அவர் இறந்து பத்தாண்டுகள் கழித்து 1759இல் அம்மொழிபெயர்ப்பு முழுமையாக வெளிவந்தது. காண்ட்டின் நூல் அதற்கு ஐந்தாண்டுகள் பிற்பட்டது.

ஓர் ஆண்டு இந்தப் பக்கத்தை நகலெடுத்து வகுப்பில் கொடுத்து, மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்த மாணவி ஒருத்தியை வாசிக்கச் சொன்னேன். நாள்தோறும் இரண்டு பேருந்து மாறி வந்து படித்தவள். குரல் எடுத்து நன்றாக வாசிப்பவள். தலை முதல் கால் வரை என்ற இடம் வந்ததும் நிறுத்தினாள். தாளைப் பிடித்திருந்த தன் கையை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தாளை மேசைமேல் வைத்துவிட்டு, "அப்ப நான் இந்த ரெண்டுலயும் வர்றேனா மேடம்?" என்று கேட்டாள். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. காண்ட் காலத்தின் பிள்ளை என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தப் பதில் எனக்கே கசந்தது.

காலத்தின் பிள்ளை என்ற சமாதானம் எளிதாக வாயில் வருகிறது. அது செல்லுபடியாக வேண்டுமானால், அக்காலத்தில் வேறு விதமாக எண்ண வழியே இருந்ததில்லை என்று காட்டியாக வேண்டும். வழி இருந்தது. காண்ட் தம் கருத்துக்குத் துணையாக அழைத்தது டேவிட் ஹியூமை. நாட்டினங்களின் இயல்பு பற்றிய தம் கட்டுரையில் ஹியூம் 1753இல் ஓர் அடிக்குறிப்பைச் சேர்த்தார். கருப்பினத்தவர் வெள்ளையரைவிட இயற்கையிலேயே தாழ்ந்தவர்களோ என்று தாம் ஐயுறுவதாக அதில் எழுதினார். ஜமைக்காவில் கருப்பர் ஒருவரைக் கற்றவர் என்று மெச்சுகிறார்களாமே என்று குறிப்பிட்டு, சில சொற்களைத் தெளிவாகப் பேசும் கிளியைப் போல அற்ப வித்தைக்காக அவரைப் பாராட்டுகிறார்கள் போலும் என்று அவரை ஒதுக்கினார். அவர் லத்தீனில் கவிதை இயற்றிய பிரான்சிஸ் வில்லியம்ஸ். காரண காரியத் தொடர்பைக்கூட அனுபவத்தைக் கொண்டு சோதிக்கச் சொன்ன ஹியூம், தமக்கு எதிரான சான்று கண்முன் வந்து நின்றபோது அதைக் கிளி என்றார். அபர்தீனில் மெய்யியல் கற்பித்த ஜேம்ஸ் பீட்டி 1770இலேயே இந்த அடிக்குறிப்பை எடுத்துக்கொண்டு கடுமையாக மறுத்தார். அவரும் அதே ஸ்காட்லாந்தில், அதே காலத்தில் வாழ்ந்தவர்தான்.

பீட்டி எழுதுவதற்கு முன்பே, காண்ட்டின் மொழி வழங்கிய நிலத்திலேயே இதற்கு ஒரு பதில் நடமாடியது. அவர் பெயர் அன்டன் வில்ஹெல்ம் ஆமோ. இன்றைய கானாவின் அக்சிம் பகுதியில் 1703ஐ ஒட்டிப் பிறந்து, சிறு பிள்ளையாக ஐரோப்பாவுக்குக் கொண்டுவரப்பட்டு, பிரன்ஸ்விக் கோமகன் குடும்பத்துக்கு அன்பளிப்பாகத் தரப்பட்டவர். ஒரு குழந்தையை அன்பளிப்பு என்று எழுதக் கை கூசுகிறது, நடந்தது அதுதான். 1727இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஐரோப்பாவில் கருப்பினத்தவரின் சட்ட உரிமை பற்றி 1729இல் அவர் வாதிட்ட ஆய்வுரை இன்று கிடைக்கவில்லை. 1734இல் விட்டன்பெர்க்கில், மனித மனத்தின் உணர்ச்சியின்மை பற்றி லத்தீனில் ஓர் ஆய்வேட்டை முன்வைத்து நிலைநாட்டினார். அப்பல்கலைக்கழகத் தலைவர் தெரன்ஸ், தெர்த்துல்லியன், அகஸ்டின் போன்ற ஆப்பிரிக்க அறிஞர்களின் பெயர்களை நினைவூட்டி அவரைப் பாராட்டி எழுதினார். பின்னர் ஹாலேயிலும் யேனாவிலும் ஆமோ கற்பித்தார். 1747ஐ ஒட்டி ஆப்பிரிக்காவுக்குத் திரும்பினார். கப்பல் மருத்துவர் ஒருவர் 1753இல் அவரை அக்சிமில் சந்தித்துக் குறிப்பு எழுதிவைத்திருக்கிறார். தந்தையும் சகோதரி ஒருத்தியும் அந்நாட்டின் உட்பகுதியில் வாழ்வதாகவும், உடன்பிறந்த சகோதரர் சுரினாமில் அடிமையாக இருப்பதாகவும் அக்குறிப்பு சொல்கிறது. ஹியூம் தம் அடிக்குறிப்பைச் சேர்த்த அதே ஆண்டு அது. ஒரே தாய்தந்தையின் பிள்ளைகளில் ஒருவர் ஜெர்மனியில் மெய்யியல் கற்பித்துத் திரும்பியிருந்தார். மற்றவர் கடலுக்கு அப்பால் அடிமை. இவ்விருவரின் வேறுபாட்டுக்கு இயற்கையைக் காரணம் காட்ட முடியுமா?

ஆமோவின் ஆய்வேட்டின் பொருள் இங்கே முக்கியம் என்பதால் சற்று விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். உணர்தல் என்பது உடம்பின் வேலை, மனத்தின் வேலையன்று என்பது அவர் வாதம். மனம் உடம்பற்றது என்று சொல்லிக்கொண்டே, அது உடம்போடு சேர்ந்து துன்புறவும் செய்கிறது என்று தெகார்த் கூறுவது முன்னுக்குப்பின் முரண் என்று அவர் காட்டுகிறார். இதற்காக ஆமோ எடுத்துக்கொண்ட தெகார்த்தின் வாசகம் ஓர் அச்சிட்ட கடிதத்தில் உள்ளது. 1643 மே மாதம் பொஹிமியா இளவரசி எலிசபெத்துக்குத் தெகார்த் எழுதிய கடிதம் அது.

தந்தை அரியணை இழந்ததால் ஹாலந்தில் அகதியாக வளர்ந்தவர் எலிசபெத். அப்போது அவருக்கு வயது 24. எந்தப் பல்கலைக்கழகமும் அவரை மாணவியாகச் சேர்த்திருக்காது. தெகார்த்துக்கு அவர் எழுதிய முதல் கடிதத்திலேயே, மனம் வெறும் சிந்தனைப் பொருள் என்றால் அது உடம்பை எப்படி நகர்த்தும் என்று கேட்டார். ஒன்றைத் தள்ள வேண்டுமானால் தொட வேண்டும், தொட வேண்டுமானால் பரப்பு வேண்டும், மனத்துக்கோ பரப்பில்லை என்கிறீர்களே என்பது கேள்வியின் சாரம். தெகார்த் பொருள்களின் எடையை உவமை காட்டி விளக்கினார். எலிசபெத் ஏற்கவில்லை. பொருளற்ற ஒன்று உடம்பை நகர்த்தும் என்பதைவிட மனத்துக்கே பொருண்மையும் பரப்பும் உண்டு என்று கொள்வது தமக்கு எளிதாக இருக்கிறது என்று அடுத்த மாதமே எழுதினார். அதே கடிதத்தில், வீட்டுக் காரியங்களும் தட்ட முடியாத உபசாரப் பேச்சுகளும் தாங்கள் சொல்லும் தியானத்துக்கு நேரம் தருவதில்லை என்று ஒரு மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். நாற்பது ஆண்டுகள் அடுப்பங்கரைக்கும் வகுப்பறைக்கும் இடையே ஓடியவள் நான். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் நூலை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்துவிடுவேன்.

மனம் உடல் பற்றிய சிக்கல் என்று இன்று எல்லாப் பாடநூலிலும் இருக்கும் கேள்வியை இவ்வளவு கூர்மையாகத் தெகார்த்திடம் கேட்டவர்களில் முதன்மையானவர் இந்தப் பெண். ஆனால் தெகார்த்தின் கடிதங்கள் அவர் இறந்து சில ஆண்டுகளில் அச்சாயின. எலிசபெத்தின் கடிதங்கள் 1879இல்தான் வெளிவந்தன. அவற்றை அச்சிட அவரே இசையவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஓர் இளவரசி ஓர் அறிஞருடன் நடத்திய கடிதப் போக்குவரத்து அச்சேறினால் உலகம் என்ன பேசும் என்று அவர் அஞ்சியிருந்தால் அதில் வியப்பில்லை. ஆகவே 1734இல் ஆமோவின் கைக்குக் கிடைத்தது பதில் மட்டும்தான். கேள்வியை அவர் பார்த்திருக்க முடியாது. கேட்ட பெண்ணுக்கும் மறுத்த ஆப்பிரிக்கருக்கும் இடையே 91 ஆண்டுகள் உருண்டோடிவிட்டன. இருவரும் ஒரே முடிச்சைத்தான் பிடித்து இழுத்தார்கள். தெகார்த் பற்றிய தங்கள் கட்டுரையில் அம்முடிச்சு இருந்தது. அதைப் பிடித்து இழுத்த கைகள் இரண்டும் இல்லை.

மெய் என்ற நம் சொல்லுக்கு உண்மை என்றும் உடம்பு என்றும் இரு பொருள் உண்டு. மெய்யியல் என்று துறைக்குப் பெயர் வைத்தவர்கள் முதற்பொருளை எண்ணித்தான் வைத்திருப்பார்கள். இரண்டாம் பொருளையும் சேர்த்து எண்ணும்போதுதான் எனக்கு இத்துறையின் வரலாறு விளங்குகிறது. பேசுபவர் பொருட்டல்ல என்ற விதி சிலருக்கு மட்டும் வழங்கப்பட்டது. அவர்கள் பேசினால் பேசியது அறிவு. அவர்களுக்கு உடம்பு இருப்பதே யாருக்கும் நினைவுக்கு வராது. மற்றவர்கள் பேசினால் முதலில் உடம்பு கண்ணில் படும், பிறகுதான் சொல் காதில் விழும். சிறப்புரிமை என்று இன்று நாம் பேசுவது பணத்தையும் பதவியையும் மட்டும் குறிப்பதன்று. உடம்பில்லாதவரைப் போலப் பேசவும் கேட்கப்படவும் கிடைக்கும் வாய்ப்பே அதன் உள்ளீடு என்று நான் கருதுகிறேன். எலிசபெத்துக்குப் பிறப்பால் உயர்வு இருந்தது, அந்த வாய்ப்பு இல்லை. ஆமோவுக்குக் கோமகனின் ஆதரவு இருந்தது, அந்த வாய்ப்பு நிலைக்கவில்லை.

இது பழங்கதை என்று ஒதுக்குவோருக்காக அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மேரி விட்டன் கால்கின்ஸ் என்ற பெண் 1890இல் ஹார்வர்டில் மெய்யியல் பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸின் வகுப்பில் அமர அனுமதி பெற்றார். முறைப்படி பதிவு பெற்ற மாணவியாக அல்ல, விருந்தினரைப் போல. சில வாரங்களில் மற்ற மாணவர்கள் விலகிவிட, நூலகத்தில் எரியும் கணப்பின் இருபுறமும் ஆசிரியரும் அவருமாக அமர்ந்து பாடம் நடந்ததென்று பின்னாளில் அவரே எழுதினார். 1895இல் ஜேம்ஸ், ராய்ஸ் உள்ளிட்ட பேராசிரியர்கள் அவருக்கு வாய்மொழித் தேர்வு நடத்தி, முனைவர் பட்டத்துக்குரிய எல்லாத் தகுதிகளையும் நிறைவு செய்துவிட்டார் என்று பல்கலைக்கழகத்துக்குத் தெரிவித்தனர். பட்டம் தரப்படவில்லை. அவர் பெண் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. 1902இல் பெண்கள் கல்லூரியான ராட்கிளிஃபின் பெயரில் பட்டம் தர முன்வந்தபோது அதை அவர் மறுத்துவிட்டார். படித்ததும் தேறியதும் ஹார்வர்டில் என்றால், பட்டமும் ஹார்வர்டின் பட்டமாகத்தானே இருக்க வேண்டும்? 1918இல் அமெரிக்க மெய்யியல் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். 1930இல் இறந்தார். கடைசிவரை அந்தப் பட்டம் வரவே இல்லை.

அதே வில்லியம் ஜேம்ஸின் வீட்டுக்குச் சென்று பழகிய கருப்பின மாணவர் டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ். மெய்யியலில் மனம் தோய்ந்திருந்த அவரிடம், வேறு வழி இருந்தால் அதில் போ, இதைக் கொண்டு பிழைப்பது கடினம் என்று ஜேம்ஸ் அறிவுரை சொன்னார். டு பாய்ஸ் வரலாற்றுக்கு மாறி, 1895இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கருப்பினத்தவர் ஆனார். ஜேம்ஸைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் இருவரையும் அன்போடு நடத்தியவர், கால்கின்ஸுக்காக வாதாடியவர், டு பாய்ஸிடம் சொன்னதும் உண்மை நிலவரம்தான். நல்ல மனம் படைத்த ஆசிரியர் இருந்தும் கதவு திறக்கவில்லை என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. கால்கின்ஸ் சங்கத் தலைவரான அதே 1918இல்தான் ஹார்வர்ட் அலேன் லாக் என்ற கருப்பினத்தவருக்கு மெய்யியலில் முனைவர் பட்டம் வழங்கியது. அதற்குமுன், 1907இல் ரோட்ஸ் உதவித்தொகை வென்ற முதல் கருப்பின அமெரிக்கராக அவர் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனபோது, கல்லூரிகள் பல அவரைச் சேர்க்க மறுத்த பிறகே ஒன்று இடம் தந்தது.

அண்மைக்கால நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனின் மெய்யியல் அமைப்புகள் 2011இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இளங்கலையில் மெய்யியல் படிப்போரில் பெண்கள் நூற்றுக்கு 46. முனைவர் பட்ட ஆய்வில் 31. நிரந்தரப் பணியில் 24. 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, அமெரிக்க மெய்யியலாளர்களில் கருப்பினத்தவர் நூற்றுக்கு ஒருவரைச் சற்றே தாண்டும் அளவினராகவே இருந்தனர். 46 எப்படி 24 ஆகிறது என்பதற்கு ஒரே காரணம் சொல்லிவிட முடியாது. என் வாழ்வில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

1980களின் தொடக்கத்தில், பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு பல்கலைக்கழகத்தில், என் முதுகலை ஆய்வுரைக்கான வாய்மொழித் தேர்வு. மேசைக்கு அப்பால் நால்வர், நால்வரும் ஆண்கள். எனக்கு முன் சென்ற மாணவர்களிடம் காரண காரியம் பற்றி அரை மணி நேரம் துருவித் துருவிக் கேட்டதாக வெளியே வந்து சொன்னார்கள். நான் அதற்கு ஆயத்தமாகப் போனேன். முதலில் ஊரும் அப்பாவின் வேலையும் கேட்டார்கள். கல்யாணம் ஆனபின் இந்தப் படிப்பு எதற்குப் பயன்படும் என்று ஒருவர் கேட்டார். பிறகு ஹியூம் பற்றி ஒரு கேள்வி வந்தது. என் ஆய்வுரையின் மூன்றாம் இயலில் நானே ஆறு மாதம் முட்டி மோதிக் கண்ட ஒரு மறுப்பைச் சொன்னேன். தலைமைத் தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "இது உன் கைடு சொல்லிக்கொடுத்ததா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் புன்னகைத்துவிட்டு அடுத்த தாளைப் புரட்டினார். தேர்ச்சி கொடுத்தார்கள், நல்ல மதிப்பெண்ணே கொடுத்தார்கள். அந்த வாதம் தவறு என்று அவர் சொல்லியிருந்தால் நான் மகிழ்ந்திருப்பேன். அதன் சரி தவற்றை அவர் பார்க்கவே இல்லை. அது என்னுடையதாக இருக்க முடியாது என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

மெய்யியலாளர் மிராண்டா ஃபிரிக்கர் 2007இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு பெயர் உண்டு. ஒருவர் இன்னார் என்பதாலேயே அவர் சொல்லுக்கு உரிய நம்பிக்கையைக் குறைத்துவைப்பது அறிவு சார்ந்த அநீதி என்கிறார். இருபத்தைந்து ஆண்டுகளாக என்னுள் பெயரின்றி உறுத்திக்கொண்டிருந்த ஒன்றுக்குப் பெயர் கிடைத்த நாளில், நான் எவ்வளவு ஆறுதல் அடைந்தேன் என்பதை எழுத்தில் சொல்ல முடியவில்லை.

மெய்யியலில் பெண்கள் ஏன் குறைவு என்ற கேள்வி 2013இல் எழுந்தபோது, 94 வயதான மெய்யியலாளர் மேரி மிட்ஜ்லி லண்டன் நாளிதழ் ஒன்றுக்கு இதைப் போலவே ஒரு வாசகர் கடிதம்தான் எழுதினார். குறை ஆண்களிடம் இல்லை. வாதத்தில் ஒருவரையொருவர் வீழ்த்துவதையே குறியாகக் கொள்ளும்படி கெட்டிக்கார இளைஞர்களை ஊக்குவிக்கும் பாணியில் இருக்கிறது என்பது அவர் கருத்து. போர்க்காலத்தில் இளைஞர்கள் வெளியே சென்றிருந்த ஆக்ஸ்ஃபோர்டில் ஆன்ஸ்கோம், ஃபூட், மர்டாக் ஆகியோருடன் தாமும் பயின்றதை அவர் நினைவுகூர்ந்தார். அன்று அவர்கள் குரல் காதில் விழுந்ததற்கு வகுப்பில் நிலவிய அமைதியும் ஒரு காரணம். நான்கு பெரிய அறிவாளிகள் உருவாக ஓர் உலகப்போர் தேவைப்பட்டது என்பதை நினைக்க மனம் பதறுகிறது.

வாதத்தின் உண்மை பேசுபவரைச் சார்ந்ததன்று, ஆகவே யார் எத்தனை பேர் இருந்தால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். வாதத்தின் உண்மை சாராது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் எந்தக் கேள்வி கேட்கப்படுகிறது, எது கேட்கப்படாமலே போகிறது என்பது அறையில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. எல்லா மனிதரும் கூடிச் செய்துகொண்ட ஒப்பந்தமே அரசு என்ற கோட்பாட்டை மூன்று நூற்றாண்டுகள் கற்பித்தோம். அந்த எல்லாரில் அடிமைகளும் குடியேற்ற நாட்டு மக்களும் ஏன் இல்லை என்ற கேள்வியை மையத்துக்குக் கொண்டுவர, ஜமைக்காவில் வளர்ந்த சார்ல்ஸ் மில்ஸ் 1997இல் ஒரு நூல் எழுத வேண்டியிருந்தது. அதற்காக அவர் புதிய ஆவணங்களைத் தோண்டி எடுக்கவில்லை; எல்லாரும் படித்த நூல்களையே எடுத்துப் படித்தார். சுதந்திரத்தைப் பற்றி 1859இல் எழுதிய ஜான் ஸ்டூவர்ட் மில், அக்கொள்கை நாகரிகம் முதிராத மக்களுக்குப் பொருந்தாது என்று அதே நூலின் தொடக்கத்தில் விலக்கு வைத்தார். அவர் முப்பத்தைந்து ஆண்டுகள் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் பணியாற்றியவர். அந்த விலக்கில் நம் முப்பாட்டன்மாரும் அடக்கம். நம் வகுப்புகளில் அந்தப் பத்தியைத் தாண்டிக்கொண்டுதான் நூலைக் கற்பித்தோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் தாண்டினேன்.

மேலைநாட்டாரை மட்டும் குற்றம் சாட்டும் நோக்கம் எனக்கில்லை. இந்தியக் கல்வித்துறையில் கோட்பாடு வகுப்பவர் ஒரு சாதியினராகவும், தரவாக ஆகிறவர்கள் மற்றவர்களாகவும் இருக்கும் நிலையைக் அரசியல் அறிவியல் அறிஞர் கோபால் குரு 2002இல் தம் கட்டுரையில் துணிந்து எழுதினார். என் பணிக்காலத்தின் பெரும்பகுதியில் எங்கள் இந்திய மெய்யியல் தாளில் அம்பேத்கர் இல்லை. கொலம்பியாவில் ஜான் டூயியின் வகுப்பில் அமர்ந்து மெய்யியல் கேட்டவர், பௌத்தத்தை மறுசிந்தனை செய்து பெருநூல் எழுதியவர், எங்கள் தாளுக்குச் சட்ட மேதை மட்டுமே. பாடத்திட்டக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, அவர் அரசியல் அறிவியல் துறைக்கு உரியவர் என்று பதில் வந்தது. காண்ட்டின் உடம்பு எந்தத் துறைக்கு உரியது என்று எவரும் கேட்டதில்லை.

பண்டைத் தமிழ்க் காப்பியம் இதை நன்றாகவே அறிந்திருந்தது. வஞ்சி நகரில் சமயக் கணக்கர்களிடம் அவரவர் கொள்கையைக் கேட்கப் போகும் மணிமேகலை, தன் சொந்த உருவில் போகவில்லை. நீ இளையவள், வளையணிந்த பெண் என்று கருதி உண்மைப் பொருளை உனக்கு யாரும் உரைக்க மாட்டார்கள், வேற்றுருக் கொள் என்று அவளுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. ஆண் துறவியின் வடிவம் பூண்டு போய்த்தான் அவள் அளவைவாதியையும் (அறிவை அடையும் வழிகளை ஆராயும் தருக்கவாதி) மற்றவர்களையும் கேட்டறிந்தாள். அவளுக்காவது உருமாற ஒரு மந்திரம் கையில் இருந்தது.

காண்ட்டைப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மனிதரை வெறும் கருவியாக நடத்தாதே என்று எழுதியவரும் அவரே. அயல் நிலங்களில் ஐரோப்பியர் நடந்துகொண்ட முறையை 1795இல் கண்டித்து எழுதியவரும் அவரே. அந்த 1764ஆம் ஆண்டுப் பக்கத்தையும் சேர்த்துப் படித்தால்தான், ஒரு மாபெரும் அறிவு எங்கே தன் அளவுகோலைத் தானே கைவிட்டது என்று தெரியும். தொடரின் ஆசிரியருக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். எலிசபெத்தையும் ஆமோவையும், இனி வரவிருக்கும் மற்றவர்களையும், பெண் மெய்யியலாளர்கள் என்றோ கருப்பின மெய்யியலாளர்கள் என்றோ தனிக் கட்டம் கட்டி ஓரத்தில் போட வேண்டாம். தெகார்த் கட்டுரைக்கு ஒரு பின்னிணைப்பு எழுதினால், இளவரசியின் கேள்வியை அதற்குரிய இடத்தில், தெகார்த்தின் பதிலுக்கு முன்னால் வையுங்கள். ஆமோவின் மறுப்பை அதற்குப் பின்னால் வையுங்கள். மூன்று பேரும் ஒரே பக்கத்தில் பேசட்டும். அந்தப் பக்கம் வெளிவரும் ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பேருந்து மாறி வந்து படித்து இப்போது தானே ஆசிரியையாக இருக்கும் அந்தப் பெண்ணுக்கு அதைக் கத்தரித்து அனுப்ப ஓர் உறை வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்யியல் ஆசிரியை,
திருச்சிராப்பள்ளி.